கஞ்சிக்குப் பழகிய வயிறும் இளைத்துப்போகும் கால்களும்

முதுமையில் செரிமானம், உடல் தளர்ச்சி ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவர் ஒருவர் இங்கே விடையளிக்கிறார்.

வந்த கடிதங்களில் முக்கால்வாசி வயிற்றைப் பற்றியவை. கால்களைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர். வயிறு உடனே முறையிட்டுவிடும், தொடை முறையிடாமல் இளைக்கும் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது, பெரும்பாலும் ஒரே கதையைத்தான் இரு பக்கங்களிலிருந்து சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

என் தாயாருக்கு 76 வயது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பிக்கொள்கிறது என்று சொல்லி, கடந்த ஓராண்டாகக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டார். மீனையும் முட்டையையும் தொடுவதில்லை. இப்போது வயிறு அமைதியாக இருக்கிறது என்கிறார். ஆனால் 55 கிலோவாக இருந்தவர் 50 கிலோவாகிவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். வயதானால் இப்படித்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
— வாசகி, ஈசூன்

முதலில் எடையைப் பேசிவிடுவோம். 55 கிலோவில் 5 கிலோ என்பது ஏறத்தாழ 9 விழுக்காடு. எடையைக் குறைக்க முயலாத ஒருவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்தால், உணவு குறைந்ததே காரணம் என்று தோன்றினாலும், தைராய்டு கோளாறு, நீரிழிவு, மனச்சோர்வு, இரைப்பையிலோ குடலிலோ புற்றுநோய் போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் அரசின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ நலத் திட்டத்தில் அவர் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ இந்த எடைக் கணக்கைத் தேதியோடு சொல்லுங்கள். விழுங்கும்போது உணவு சிக்கிக்கொள்வது, கறுத்த மலம், மலத்தில் ரத்தம், அடிக்கடி வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்.

அடுத்தது கஞ்சி. ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இருக்கும் புரதம் 3 கிராமைத் தாண்டுவது அரிது. ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் இருக்கும். ரசத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி எதுவும் இல்லை. காலையில் தேநீரும் பிஸ்கட்டும், பகலில் மோர் ஊற்றிய கஞ்சி, இரவில் இரண்டு இட்லி என்று ஒரு நாள் கழிந்தால் மொத்தப் புரதம் 20 கிராமை எட்டுவதே கடினம். முதியோருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. அந்தக் கணக்கின்படி தாயாருக்கு வேண்டியது 50 முதல் 60 கிராம். மீதி 30 கிராமுக்கு உடல் எங்கே போகும்? குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை முழுமையாகப் புதுப்பிக்கப்படுகின்றன. நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் ஆறாத புண்ணுக்கும் அமினோ அமிலங்கள் தேவைப்படுகின்றன. சாப்பாட்டில் வராதவற்றை உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்புதான் தசை. தாயார் வயிற்றைச் சமாதானப்படுத்தியதற்கான விலையைத் தொடைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

வயதாவதில் தசை ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் ‘வயதானால் இப்படித்தான்’ என்ற சொல்லுக்குள் குறைக்கக்கூடிய இழப்பையும் சேர்த்து மூடிவிடுகிறோம். இந்தத் தசை இழப்புக்கு 1989இல் ‘சார்கோபீனியா’ என்று பெயர் சூட்டினார் அமெரிக்க மருத்துவர் அர்வின் ரோசன்பர்க். கிரேக்கத்தில் அதற்குத் ‘தசையின் வறுமை’ என்று பொருள். ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்களில் இரண்டை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கெண்டைக்காலின் மிகப் பருமனான இடத்தைத் தையல் நாடாவால் அளந்தால், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது எச்சரிக்கை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆவது இன்னொன்று. தாயார் ஒருமுறை எழவே கையை ஊன்றுகிறார் என்பதால் இந்தச் சோதனையை அவருக்கு நீங்கள் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், விழுந்துவிடக் கூடும். மருந்தகத்தில் கேளுங்கள்.

இனி உப்புசம். முதிய வயிறு புரதத்தைச் செரிக்காது என்பது பரவலான நம்பிக்கை. பெரிய நோய் எதுவும் இல்லாத முதியவர்களின் குடல் புரதத்தை நன்றாகவே செரித்து உறிஞ்சுகிறது. மாறுவது வேறு சில: இரைப்பை சற்று மெதுவாகக் காலியாகிறது, ‘போதும்’ என்ற உணர்வு சீக்கிரம் வந்துவிடுகிறது, நாக்கின் சுவையும் மூக்கின் மணமும் மங்குகின்றன. உப்புசத்துக்கு நான் முதலில் தேடும் காரணங்கள், நாள்கணக்கில் மலம் போகாமல் இருப்பது, பொருந்தாத பல்செட்டால் சரியாக மெல்லாமல் விழுங்குவது, பாலில் உள்ள லாக்டோஸ், அவசரத்தில் அரைவேக்காடாக இறக்கிய பருப்பு, நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஆகியவைதாம். முட்டையும் மீனும் இந்தப் பட்டியலில் எனக்கு எப்போதாவதுதான் அகப்படுகின்றன. தாயார் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டதால் உண்மையான குற்றவாளி யார் என்று தெரியாமலே போய்விட்டது.

ஆகவே ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள். முதல் வாரம், காலையில் நீராவியில் வேகவைத்த முட்டை ஒன்று (6 கிராம்). அது ஒத்துக்கொண்டால் கஞ்சியிலேயே முள் நீக்கிய மீனை உதிர்த்துச் சேருங்கள். நம் அண்டை வீட்டுச் சீனர்கள் மீன் கஞ்சியை நோயாளிக்குக் கொடுப்பது காரணமில்லாமல் அல்ல. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பாலைவிடத் தயிர் பலருக்கு எளிதாக ஒத்துக்கொள்கிறது. தேக்காச் சந்தையில் கிடைக்கும் தௌகுவாவையும் (கெட்டியான சோயாக் கட்டி) டெம்பேயையும் நம் வீட்டுப் பாட்டிகள் ஏனோ அந்நியமாகப் பார்க்கிறார்கள். டெம்பே நொதித்த சோயா என்பதால் முழுச் சோயாவைவிட வாயுத் தொல்லை குறைவு, புரதமோ 100 கிராமில் ஏறத்தாழ 19 கிராம். குழம்பில் மெலிதாக நறுக்கிப் போட்டால் அது வேற்று நாட்டுப் பண்டம் என்றே தெரியாது. பருப்பை நன்றாக ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயத்தோடு குழைய வேகவையுங்கள்.

இன்னொரு நுட்பம் உண்டு. இளைஞர்களின் தசை சிறிதளவு புரதத்துக்கே வளரத் தொடங்கிவிடும். முதியோரின் தசை அவ்வளவு எளிதில் அசையாது. ஒரு வேளையில் 25 கிராம் அளவாவது சேர்ந்து வந்தால்தான் அது பதிலளிக்கிறது. நம் வழக்கத்தில் காலை உணவு கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. எனவே இரவில் கோழிக்கறி வைத்து ஈடுகட்ட முயல்வதைவிடக் காலையைச் சீர்செய்வது நல்லது. தாயார் ஒரே அமர்வில் அவ்வளவு சாப்பிட மாட்டார் என்றால் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கிண்ணம் தௌ ஹுவேயோ (மென்மையான சோயாக் கூழ்) தயிரோ கொடுக்கலாம்.

எனக்கு 71 வயது. நான்கு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. இசப்கோல் சாப்பிட்டும் பயனில்லை. வயிறு கல்லாகக் கிடப்பதால் பசியே எடுப்பதில்லை. இரவில் அடிக்கடி எழ வேண்டியிருப்பதால் தண்ணீரைக் குறைத்துவிட்டேன். விளக்கெண்ணெய் குடிக்கலாமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது, ஐயா. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருகித்தான் மலத்தை இளக்குகிறது. தண்ணீர் இல்லாமல் அதை விழுங்குவது சிமெண்டைக் குழைக்காமல் குழாயில் கொட்டுவது போன்றது. குடலை அடைத்துக்கொள்ளவும் கூடும். தண்ணீரை நிறுத்தாமல் நேரத்தை மாற்றுங்கள். பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் குடித்து, மாலை ஆறு மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். இதய பலவீனத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ மருத்துவர் தண்ணீரை அளந்து கொடுத்திருந்தால் அந்த அளவை மீறாதீர்கள். அப்படியானால் இசப்கோலும் தங்களுக்கு ஏற்றதன்று. இரவில் அடிக்கடி எழுவது புரோஸ்டேட் வீக்கத்தாலோ நீரிழிவாலோ இருக்கலாம் என்பதால் அதையும் தனியாகச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மலம் அடைத்து நிற்பதே சிறுநீர்ப்பையை அழுத்தி அந்தத் தொந்தரவைக் கூட்டுவதும் உண்டு.

மாத்திரைப் பையை முழுவதும் எடுத்துக்கொண்டு மருந்தாளரிடம் செல்லுங்கள். இரும்புச்சத்து, கால்சியம், ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரைகளில் சில, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை ஆகிய அனைத்தும் குடலை மந்தமாக்குபவை. தாமாக எதையும் நிறுத்த வேண்டாம். மாற்று உண்டா என்று கேட்பதற்குத்தான் இந்த நடை.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மலம் கழிப்பது குடல் தனியாகச் செய்யும் வேலை அன்று. உதரவிதானம் கீழிறங்க, வயிற்றுத் தசைகள் அழுத்த, இடுப்புத் தளத் தசைகள் சரியான நேரத்தில் தளர வேண்டும். உட்கார்ந்தே நாளைக் கழிப்பவருக்கு இந்தத் தசைகளும் தொடையோடு சேர்ந்தே வலுவிழக்கின்றன. அழுத்த வலு இல்லாததால் மலம் தேங்குகிறது. தேங்கியதால் பசி மங்குகிறது. பசி மங்கியதால் புரதம் குறைகிறது. புரதம் குறைந்ததால் தசை மேலும் இளைக்கிறது. தாங்கள் எழுதிய ‘பசியே எடுப்பதில்லை’ என்ற வரியை நான் இந்தச் சுழலுக்குள்தான் வைத்துப் படிக்கிறேன். இதே தசை இழப்பு தொண்டைக்கும் வருவதுண்டு. சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ புரையேறினாலோ அதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள்.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் தானாகவே அசைகிறது. காலையில் அது வலுவாக இருக்கும். எனவே காலை உணவுக்குப் பின் கழிப்பறையில் பத்து நிமிடம் அவசரப்படாமல் உட்காருங்கள். பாதங்களுக்குக் கீழே ஒரு சிறிய முக்காலியை வைத்து முழங்கால்களை இடுப்புக்கு மேல் உயர்த்தினால், ஊரில் குந்தி உட்கார்ந்த அதே கோணம் கிடைக்கும். மூச்சைப் பிடித்து முக்காதீர்கள், மயக்கம் வரக்கூடும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலை முறுக்கி நீரையும் உப்புகளையும் வெளியேற்றும். முதியவருக்கு மயக்கத்தையும் விழுதலையும் கொண்டுவரும். லாக்டுலோஸ் போன்ற மென்மையான மருந்துகள் இருக்கின்றன. கடைசியாக ஒன்று: இந்த மலச்சிக்கல் சில மாதங்களாகப் புதிதாகத் தொடங்கியது என்றால் குடல் பரிசோதனை அவசியம். தொந்தரவு ஏதும் இல்லாதவர்களும் 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் மறைந்த ரத்தத்தைக் காணும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்; அதற்கான பையைச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் வழங்குகிறது. ஆனால் தங்களைப் போல அறிகுறி உள்ளவர் அந்தப் பையோடு நின்றுவிடக் கூடாது, மருத்துவரையே பார்க்க வேண்டும்.

நாள்தோறும் பீஷான் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். வயது 69. இருந்தும் தொடை மெலிகிறது. நடை போதாதா?
— வாசகர், அங் மோ கியோ

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் குடலுக்கும் நடை மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். தொடைக்கு அது பழகிப்போன சுமை. தசை தன்னால் எளிதில் முடியாத வேலையைச் சந்திக்கும்போதுதான் வளர்கிறது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்து, அதன் முடிவை 1990இல் வெளியிட்டார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டார்கள். 96 வயதில் முடிந்தது 69இல் முடியாதா என்று நான் கேட்பதில்லை. 69இல் தொடங்கினால் அந்த முதியோர் இல்லத்து நிலைக்கே போகாமல் இருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் இரண்டு கைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கள் புளோக்குக்கு அருகில் துடிப்பாக மூப்படையும் நிலையம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். முதியோருக்கென்றே அமைந்த காற்றழுத்த எடைக் கருவிகளைக் கொண்ட ‘ஜிம் டானிக்’ திட்டம் சில இடங்களில் நடக்கிறது.

என் கணவருக்கு நீரிழிவும் சிறுநீரகப் பலவீனமும் உள்ளன. மகன் புரதப் பொடி வாங்கி வந்திருக்கிறான். கொடுக்கலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

டப்பாவைத் திறக்காமல் வையுங்கள், அம்மா. மேலே நான் எழுதிய கணக்குகள் சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்கு உரியவை. டயாலிசிஸ் இல்லாத நீண்டகாலச் சிறுநீரக நோயில் பொதுவாகக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிறுத்தச் சொல்வார்கள்; டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் தேவை மாறாகக் கூடுகிறது. உடல் மிகத் தளர்ந்த முதியவருக்கு மருத்துவரே சற்றுக் கூட்டவும் செய்வார். அவருடைய அண்மைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உணவியலாளர் சொல்லும் எண்ணே அவருக்கான எண். பொதுவாகவும், மெல்ல முடியாதவருக்கும் நோயிலிருந்து தேறுபவருக்கும் பொடி உதவும். மற்றவர்களுக்கு முட்டை மலிவு.

கேஸ்டிரிக் மாத்திரையை (ஒமெப்ரசோல்) மூன்று ஆண்டுகளாக நானே வாங்கிப் போடுகிறேன். இப்போது பாதம் மரத்துப்போகிறது. தொடர்பு உண்டா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

இருக்கலாம். உணவில் உள்ள வைட்டமின் பி12ஐப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்தால் அந்த வைட்டமின் குறையக்கூடும். கூடவே மெட்ஃபார்மினும் எடுப்பவருக்கும் சைவ உணவு உண்பவருக்கும் அபாயம் அதிகம். அது குறைந்தால் பாதம் மரப்பதோடு நடையும் தள்ளாடும். நீரிழிவாலும் பாதம் மரக்கும் என்பதால் ஊகித்துக்கொண்டிராமல் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னிலும் வேகமாகச் சுரந்து, ‘இது இல்லாமல் முடியாது’ என்று தோன்ற வைக்கும். ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்பிரின் எடுப்பவர்கள் சிலருக்கு இரைப்பையில் ரத்தக்கசிவைத் தடுக்க இதே மாத்திரை அவசியமாகிறது. எந்த வகையில் தாங்கள் சேருகிறீர்கள் என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும்.

நிமோனியாவுக்காகப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய என் தந்தை (80) கழிப்பறைக்குக்கூடத் துணையின்றிப் போக முடியவில்லை. நோய் குணமாகிவிட்டது என்றுதான் அனுப்பினார்கள். பணிப்பெண்ணிடம் ‘அவரை அசைய விடாதே, ஓய்வு எடுக்கட்டும்’ என்று சொல்லிவைத்திருக்கிறோம். சரிதானே?
— வாசகர், பொங்கோல்

நோய் குணமாகியிருக்கும், படுக்கை செய்த சேதம் குணமாகவில்லை. உடல்நலம் உள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. காய்ச்சலும் சாப்பிடாமையும் சேர்ந்த தங்கள் தந்தைக்கு இழப்பு அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. அனுப்பும்போது இதைச் சொல்லி இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பணிப்பெண்ணுக்குக் கொடுத்த கட்டளையை இன்றே மாற்றுங்கள். பகலில் மணிக்கு ஒருமுறை, பணிப்பெண் பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்க, தந்தை கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து நின்று உட்காரட்டும்; முதலில் மூன்று முறை போதும். உணவு வேளைகளில் மேசைக்கு நடந்து வரட்டும், தட்டு கட்டிலுக்குப் போக வேண்டாம். உட்கார்ந்து சாப்பிட்டால் புரையேறும் அபாயமும் குறையும், குடலும் அசையும். நிற்கும்போது தலைசுற்றினால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து குறித்துவையுங்கள். சில மாத்திரைகளைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மூச்சு வாங்குவதோ மீண்டும் காய்ச்சலோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் இயன்மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். அதுவரை கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துவதற்கு, வீட்டில் முதியோர் இருந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) மானியம் கொடுக்கும் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் விண்ணப்பித்து வையுங்கள்.